ஏவுகணைக் குழியின் வாயில் என் மச்சான்

அந்தக் கதவைத் திறக்க இரண்டு பேர் வேண்டும். என் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று தீர்த்த பிரச்சினை அதுதான்.

வெறும் வீடியோ கேம். அமெரிக்காவில் எங்கேயோ ராணுவம் கைவிட்ட ஏவுகணைக் குழியை ஒரு சாமியார் கூட்டம் வாங்கி, வெள்ளையடித்து, பதுங்குமிடமாக மாற்றியிருக்கும். உலகம் அழியப்போகிறது என்று குரு சொன்னாராம். மொத்தக் கூட்டமும் டப்பா சாப்பாட்டோடு பூமிக்குள் இறங்கிவிட்டது. நாங்களெல்லாம் பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போனால் வேப்பஞ்சேலை கட்டி வேண்டிக்கொண்டு சாயங்காலமே வீடு திரும்பிவிடுகிறோம். இவர்களுக்கு ஒன்பது மாடி ஆழம் தேவைப்பட்டிருக்கிறது. அடியில் ஓர் இரும்புக் கதவு. உள்ளே அடைபட்டவர்களை மீட்க வேண்டுமானால், ஆடுகிற இருவரும் கீழே நின்று ஒரே நேரத்தில் இரண்டு சாவிகளைத் திருப்ப வேண்டும்.

நான் ஏணியில் இறங்கிவிடுவேன். என்னோடு ஆடுகிறவன் என் மனைவியின் தம்பி, முப்பது வயது ஆள். அவன் குழியின் வாயிலேயே நின்றுவிடுவான்.

காரணம் எனக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டியில் எங்கள் இருவருக்கும் ரசாயன டேங்க் கழுவுகிற வேலை. உள்ளே இறங்குவது நான். மேலே மேன்ஹோல் ஓரமாக, என் இடுப்புக் கயிற்றைப் பிடித்தபடி நிற்பது அவன். உள்ளே ஆள் இருக்கும்வரை மேலே நிற்பவன் நகரக்கூடாது. ஆறு வருடமாக ஒண்ணுக்குக்கூடப் போகாமல் நின்றிருக்கிறான், மறுக்கவில்லை. அதற்காகக் கடம்பத்தூரில், என் வீட்டு சோபாவில், ஃபேனுக்குக் கீழேயுமா?

முதல் ஞாயிறு பொறுமையாக எடுத்துச் சொன்னேன். இரண்டாவது ஞாயிறு, சரி, நீ முதலில் இறங்கு, நான் பின்னால் வருகிறேன் என்றேன். காற்றைச் சோதிக்காமல் எப்படி இறங்குவது என்று கேட்டான். பொம்மைக்கு எதற்கடா மூச்சு என்று கத்தினேன். சமையலறையிலிருந்து என் மனைவி சிரித்தது இன்னும் எரிச்சலாக இருந்தது. அதற்குள் அவன் அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்: இரண்டு பேரும் இறங்கிவிட்டால் மேலே யார்?

மூன்றாவது ஞாயிறு கன்ட்ரோலரை சோபாவில் வீசிவிட்டேன். உன்னோடு மனுஷன் ஆடுவானா, இதில் செத்தால் மறுபடி முதலிலிருந்து வரப்போகிறோம், அவ்வளவுதானே என்று பொரிந்து தள்ளினேன். அவனுக்குக் கோபமே வரவில்லை.

"கேமுதானேன்னு ஒரு தபா நவுந்தா, காலு அதுக்குப் பயகிடும் மாமா. அப்பால டேங்காண்டயும் நவுரும்."

என்ன நியாயம் இது? பட்டனை அழுத்துவது கட்டைவிரல். காலுக்கு இதில் என்ன வேலை? பதில் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு தனியாகவே இறங்கினேன். கதவுக்குப் பின்னால் அந்தக் கூட்டம் பாடிக்கொண்டிருந்தது. பாதித் திரை எனக்கு, பாதி அவனுக்கு. அப்போதுதான் அவன் பாதியைப் பார்த்தேன். அவனுடைய ஆள் குனிந்து குழிக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். அடியில், ஒரு புள்ளி அளவுக்கு, நான்.

மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரிவேன் என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் யோசித்ததில்லை.

கோபம் அன்றும் தீரவில்லை, இன்றும் தீரவில்லை. அந்தக் கதவும் திறக்கவில்லை. ஆனால் விடிந்தால் டேங்கில் இறங்கப்போகிறவன் நான். அவனை மறுபடி கீழே கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.