விட்டுக்கொடுத்த சீட்டுகள்

தோற்றதற்காக நான் கோபப்படவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோற்பது எனக்குப் புதிதில்லை. பதினோரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு கற்றதெல்லாம் கற்றதே இல்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காருக்குள் வைத்துச் சொன்னார்களே, அதற்குத்தான் கோபம். இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

புக்கிட் தெங்காவில் பிளாஸ்டிக் மூடி செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவுக்கு நான் மேற்பார்வையாளர். என் கீழே வேலை பார்க்கும் டெக்னீசியன் தம்பி ஒருவன் ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறான். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் வீட்டில் எங்கள் பிரிவு ஆட்கள் ஏழெட்டுப் பேர் கூடிப் போக்கர் டோர்னமென்ட் ஆடுவார்கள். எல்லாம் ஆளுக்கு இருபது வெள்ளி கட்டி ஆடும் ஆட்டம்தான். பந்தயம் வைக்க ஆளுக்கு ஒரே அளவு சிப் வில்லைகள்; தீர்ந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும்; கடைசியில் உட்கார்ந்திருப்பவர் ஜெயித்தவர். கேன்டீனில் இந்தப் பேச்சு காதில் விழுந்து, நானும் வருகிறேன் என்றேன்.

"ஐயோ அக்கா, உங்களுக்குப் போரடிக்கும் லா," என்றான் தம்பி.

"அத நான் பாத்துக்கறேன்," என்றேன்.

ஏன் போனேன் என்பதையும் மறைக்கவில்லை. வருஷக் கணக்கில் உட்கார்ந்திருந்ததால்தான் எனக்கு இந்தப் பதவி கிடைத்தது, திறமையால் இல்லை என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு, அதுதான் கொடுமை. பதவியும் வயதும் செல்லுபடியாகாத ஓர் இடத்தில், என் மூளையால் மட்டும் ஒரு தடவையாவது ஜெயித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சீட்டுக்கு யார் மேற்பார்வையாளர் என்று தெரியாது என்று நம்பினேன்.

சீட்டு எனக்குப் பழக்கம்தான். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்து வழி. வீட்டில் முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் ஆடாத விசேஷம் கிடையாது. அந்த ஆட்டத்தில் ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் மேல். அதற்கு அடுத்தது ஒன்பது. ராஜாவும் ராணியும் அங்கே எடுபிடிகள். நாற்பது வருஷம் இப்படிப் பழகிய கைக்கு, ஜாக்கியும் ஒன்பதும் சேர்ந்து வந்தால் நெஞ்சு தானாக நிமிரும். போக்கரில் அது சுமாரான கை என்று தம்பி முதல் நாளே சொன்னான். தலை கேட்டுக்கொண்டது, கை கேட்கவில்லை.

மற்றதையெல்லாம் ஒழுங்காகக் கற்றேன். வருகிற கைகளில் முக்கால்வாசியைப் பார்த்தவுடன் கீழே போடப் பழகினேன். முந்நூற்று நாலில் எதிரே ஒரு கூட்டாளி இருப்பார். இங்கே யாருமே கூட்டாளி இல்லை என்பதை மனதில் பதிய வைக்க இரண்டு மாதம் ஆனது. பந்தயத்தை முதலில் சொல்ல வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தால் அடக்கி வாசிக்க வேண்டும், கடைசியில் சொல்லும் இடத்தில் கொஞ்சம் துணியலாம். சிப் குறைந்துபோனால் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருக்காமல், நல்ல கை வரும்போது மொத்தத்தையும் வைத்துவிட வேண்டும். இதையெல்லாம் படித்து, ஆடி, ஆடியதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். என்ன கை வந்தது, எவ்வளவு வைத்தேன், என்ன ஆனது. என் தொழில் அது. எழுதி வைக்காத எதையும் நான் நம்புவதில்லை.

அந்தக் குறிப்பேடு ஒரு விசித்திரத்தைச் சொன்னது. ஜாக்கி-ஒன்பது வந்து பெரிதாகப் பந்தயம் வைத்த பதினான்கு தடவையில் பதின்மூன்று தடவை ஜெயித்து, சீட்டைப் பெருமையாகத் திருப்பிக் காட்டியிருக்கிறேன். புத்தகங்கள் சுமார் என்கின்றன, என் கணக்கோ அடித்து ஆடு என்கிறது. எதை நம்புவது? என் கையால் எழுதியதை நம்பினேன். ஐந்தாவது மாதத்திலிருந்து ஞாயிறுகளில் அடிக்கடி நான்தான் கடைசி ஆள். "அக்கா பயங்கரமா முன்னேறிட்டாங்க" என்றார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், திங்கட்கிழமைகளில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அந்தத் தைரியத்தில்தான் புக்கிட் மெர்தாஜாம் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். அதுவும் சின்னப் போட்டிதான். ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில், ஐந்து மேசை, முதல் பரிசு ஹேம்பர் என்று ஒரு தின்பண்டக் கூடை. ஆனால் அங்கே என்னைத் தெரிந்தவர்கள் ஒருத்தரும் கிடையாது. கடைசி மேசை வரை போய்விட்டால் போதும், என் திறமை என்னுடையதுதான் என்று எனக்கு நானே ஒப்புக்கொள்வேன். தம்பி காரோட்டி வந்தான். எங்கள் இயந்திரத்தில் வேலை செய்யும், நான் தங்கச்சி என்று கூப்பிடும் ஆபரேட்டர் பெண்ணும் வேடிக்கை பார்க்க வந்தாள். ஞாயிறு ஆட்டத்தில் அவளும் உண்டு, பேசாமல் ஆடுகிறவள்.

அரை மணி நேரத்தில் ஜாக்கி-ஒன்பது வந்தது. பந்தயத்தை ஏற்றினேன். எதிரே ரப்பர் செருப்புப் போட்ட ஒரு சீனப் பெரியவர் மட்டும் மிச்சம். எல்லோருக்கும் பொதுவான சீட்டுகளாக நடுவில் ஏஸ், ஏழு, இரண்டு என்று விழுந்தது. என் கையில் ஒன்றுமே இல்லை. அதனால் என்ன, ஆயர் ஈத்தாமில் இந்த இடத்தில் பெரிதாக வைத்தால் எல்லோரும் சீட்டைக் கீழே போட்டுவிடுவார்களே? பெரிதாக வைத்தேன். அவர் காப்பியை ஒரு வாய் குடித்தார்.

"கால் லா, ஆன்ட்டி," என்று என் பந்தயத்துக்குச் சமமாகத் தள்ளினார். அடுத்த சீட்டுக்கும் வைத்தேன், அதற்கும் தள்ளினார். கடைசிச் சீட்டுக்கு மிச்சமிருந்ததையெல்லாம் வைத்தேன். அதற்கும் தள்ளினார். அவரிடம் இருந்தது, நடுவில் விழுந்த ஏஸோடு ஜோடி சேரும் ஓர் ஏஸும் ஒரு நாலும். அவ்வளவுதான். நாற்பது பேரில் முதலில் எழுந்தவள் நான்.

திரும்பும் வழியில், தீவுக்குப் போகும் கடல் பாலத்தில் வாகனங்கள் நகரவில்லை. நான் குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பதினான்கில் பதின்மூன்று ஜெயித்த கை இன்றைக்கு எப்படி இப்படிக் கவிழ்த்தது என்று சத்தமாகக் கேட்டேன். தம்பி கண்ணாடியில் பின்னால் பார்த்தான். தங்கச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்ன?" என்றேன்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க," என்றாள். "ஒரு தடவ நீங்க அந்தக் கைய வச்சு ஏத்துனப்ப எங்கிட்ட ரெண்டு ஏஸ் இருந்துச்சு."

"ரெண்டு ஏஸா? அப்புறம் என்ன பண்ண?"

"போட்டுட்டேன்."

போக்கரில் அதைவிடப் பெரிய ஆரம்பக் கை கிடையாது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கீழே போட்டிருக்கிறாள்!

"ஏன்டி?"

"நீங்க பெரியவங்க லா அக்கா. எல்லாருமே அப்பிடித்தான் போடுவோம்."

தம்பி தொண்டையைச் செருமினான். "ஆரம்பத்துல நீங்க தோத்தீங்கல்ல, மறுநாள் காலைல மூணு லாட் சரக்க மறுபடி செக் பண்ணச் சொல்லி எல்லாரையும் காய்ச்சி எடுத்தீங்க. அதுக்கப்புறம் நாங்களே பேசி வச்சுக்கிட்டோம். சும்மா கேம்தானே அக்கா?"

சும்மா கேம்! அந்த மூன்று லாட்டிலும் குறை இருந்தது, அதை இன்றைக்கும் சத்தியம் செய்வேன். நான் யாரிடமாவது இரக்கம் கேட்டேனா? விட்டுக்கொடுங்கள் என்று காலில் விழுந்தேனா? என் கை மோசம் என்று ஒரே ஒருத்தர் கால் பண்ணிக் காட்டியிருந்தால் இரண்டாவது மாதத்திலேயே அந்தப் பழக்கத்தைத் தலைமுழுகியிருப்பேனே! தோல்விதான் கற்றுக்கொடுக்கும், அதைத்தானே என்னிடமிருந்து திருடினார்கள்? மரியாதையாம். பதினோரு மாதம் நான் பொய்யை உட்கார்ந்து அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். திட்டினேன். பாலம் முடியும்வரை திட்டினேன். திட்டத் திட்ட அவர்கள் இன்னும் பவ்வியமாக உட்கார்ந்தார்கள், அது என்னை இன்னும் எரித்தது. அந்தச் சீனப் பெரியவர் ஒருத்தர்தான் என்னை ஓர் ஆட்டக்காரியாக மதித்தார். ஆயர் ஈத்தாம் மேசையில் நான் கடைசிவரை மேற்பார்வையாளராகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மறுநாள் காலை வேலைக்குப் போனபோதும் கோபம் ஆறவில்லை. மேசையில் வழக்கம்போல் தங்கச்சியும் மற்றவர்களும் நிரப்பிய சோதனைத் தாள்கள் கையெழுத்துக்காகக் காத்திருந்தன. பேனாவை எடுத்தேன். முதல் தாளில் குறை இல்லை. இரண்டாவதிலும் இல்லை. புரட்டிக்கொண்டே போனேன். போன வாரம் முழுக்க, அதற்கு முந்தின வாரமும், ஒரு மூடியில்கூட ஒரு கீறல் இல்லை. என் பிரிவு மாதிரி வராது என்று மேலதிகாரியிடம் பெருமையடித்துக்கொண்ட தாள்கள் இவைதான். பேனா கையிலேயே நின்றது.

தாள்களை அள்ளிக்கொண்டு இயந்திரத்துக்குப் போனேன். தங்கச்சி கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் போடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"உண்மையச் சொல்லு. இதுலயும் எனக்கு விட்டுக்குடுத்தீங்களா?"

அவள் தாள்களைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். கையுறையை மெதுவாகக் கழற்றினாள்.

"எந்தத் தேதியிலேருந்து சொல்லணும் அக்கா?"