என்டரும் ஸ்பேஸும் இல்லாத கீபோர்டு

ஒரு பெண்மணியின் கீபோர்டிலிருந்து இரண்டு பட்டன்களை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 

எங்கள் அலுவலகம் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கிறது. வெளிநாட்டுப் பதிப்பாளர்களின் புத்தகங்களைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது எங்கள் தொழில். இது தலைப்பு, இது பத்தி, இது அடிக்குறிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் ஓர் அடையாளம் போடுவோம். அதற்கு டேக் என்று பெயர். நான் கருங்குழியிலிருந்து வந்து போகும் புரோகிராமர். டேக்குகளைச் சரிபார்க்கும் அக்கா திருவிடந்தையிலிருந்து மாமல்லபுரம் வந்து, அங்கே பஸ் மாறி வருவார். கடற்கரை ரிசார்ட் ஒன்றில் விரிப்பு மடித்துக்கொண்டே தபால் வழியில் பட்டம் வாங்கி, இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தவர்.

மெஷின் தருகிற ஃபைல் ஒரே வரியாக வரும். முழுப் புத்தகமும் ஒரே வரி. மெஷினுக்கு அது போதும், மனிதக் கண்ணுக்குப் போதாது. அதனால் ஒவ்வொரு டேக்கையும் தனி வரியில் போட்டு, அதற்குள் இருப்பதைக் கொஞ்சம் தள்ளி எழுதித் தர ஒரு புரோகிராம் உண்டு. அதை எழுதியவர் எங்கள் டீம் லீட். பெருமை பேசட்டும், அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் புரோகிராமை யாரும் திறந்து பார்க்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அது தரும் ஃபைலை அக்கா சரிபார்ப்பார், அதே ஃபைல்தான் வெளிநாட்டுக்கும் போகும்.

ஒரு நாள் அங்கிருந்து புகார் வந்தது. வார்த்தைகள் நடுவில் உடைந்து, பாதி ஒரு வரியிலும் மீதி அடுத்த வரியிலும் இருக்கின்றன என்று. லீட் யோசிக்கக்கூட இல்லை, நேராக அக்காவின் மேசைக்கு வந்தார்.

"இன்னாம்மா, படிக்கச் சொன்னா நடுவுல நடுவுல என்டர் தட்டிகினு கீறியா?"

"மௌஸத்தான சார் உருட்டினு படிக்கிறேன். நான் இன்னாத்துக்கு அத்த தட்டப் போறேன்?"

"அப்ப பேய் வந்து தட்டுச்சா?"

அடுத்த நாள் காலை லீட் ஸ்குரூ டிரைவரோடு வந்தார். என்டரையும் ஸ்பேஸையும் பிடுங்கித் தன் மேசை டிராயரில் போட்டுக்கொண்டார். தீபாவளிக்கு அப்புறம் உனக்கு ஃபைல் கிடையாது, வேறு ஆள் பார்க்கும் என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். அக்கா அன்றிலிருந்து தான் டைப் அடிக்கும் குறிப்புகளில் இடைவெளி விட வேண்டிய இடத்தில் எல்லாம் கோடு போட்டு எழுதினார். அந்தக் கோடுகளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், புரோகிராம ஒருவாட்டி பாக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வருசக்கணக்கா ஓடிகினு கீது அது. உன் வேலையப் பாரு."

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் எல்லாக் கீபோர்டுகளையும் கழற்றித் துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிப் பொட்டு வைப்பது வழக்கம். மறுநாள் தீபாராதனை முடிகிறவரை ஒருவரும் தொடக் கூடாது. அக்காவின் கீபோர்டும் பல் போன வாயோடு அந்த அடுக்கில் இருந்தது. லீடின் புரோகிராம் ஓடுகிற பின்னறை சர்வருக்கும் ஒரு பொட்டு உண்டு, ஆனால் அதற்கு மட்டும் லீவு இல்லை. லீட் அதை ஓட விட்டுவிட்டுத்தான் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார்.

மறுநாள் நான் சீக்கிரம் வந்துவிட்டேன். கீபோர்டுகள் பூஜையிலேயே இருந்தன. மௌஸை மட்டும் வைத்து, முந்தின நாள் சர்வர் எழுதி வைத்த ஃபைலைத் திறந்தேன். அதிலும் வார்த்தைகள் உடைந்திருந்தன. தட்டுவதற்கு அந்த அலுவலகத்தில் ஒரு பட்டன்கூட இல்லாத நாளில் உடைந்த வார்த்தைகள்.

சட்டமாவது ஒன்றாவது என்று புரோகிராமைத் திறந்தேன். ஃபைலைப் படித்துச் சொல்லும் பார்சர் பஸ் கண்டக்டர் மாதிரி. முழு ரூட்டையும் முதலிலேயே சொல்லாது, ஸ்டாப்பிங் வர வரத்தான் குரல் கொடுக்கும். டேக் ஆரம்பித்தது, எழுத்து வந்தது, டேக் முடிந்தது என்று. எழுத்து நீளமாக இருந்தால் அதை இரண்டு மூன்று தவணையாகவும் கொடுக்கும், எந்த இடத்தில் நறுக்கும் என்று சொல்ல முடியாது. லீட் ஒவ்வொரு தவணையையும் முழு வாக்கியம் என்று நம்பி, புதுவரி தட்டி எழுத வைத்திருந்தார். சின்னப் புத்தகங்களில் அது வெளியே தெரியவில்லை. தலையணை சைஸ் புத்தகங்கள் வந்ததும் பல்லிளித்துவிட்டது. வந்த துண்டை உடனே எழுதாமல் சேர்த்து வைத்து, அடுத்த டேக் வந்த பிறகு எழுதினால் போதும். பத்திக்கு உள்ளே சாய்வெழுத்து மாதிரி டேக் வந்தால் அங்கே வரி உடைக்காமல் விட வேண்டும். இவ்வளவுதான். இதற்காகவா ஒருத்தரைத் திருடனைப் போல் நடத்தினார்கள்?

தீபாராதனை முடிந்து கீபோர்டு கைக்கு வந்ததும் முதல் வேலையாகப் புரோகிராமைத் திருத்தி ஓட்டினேன். எல்லோரையும் வைத்துக்கொண்டு லீடிடம் இரண்டு ஃபைலையும் காட்டினேன். அவருடைய புரோகிராம் எழுதியது ஒன்று, நான் மாற்றி எழுதியது ஒன்று. கர்ப்பூர வாசனை இன்னும் போகவில்லை. அவர் இரண்டையும் மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். "பார்சர் அப்டி குட்த்தா நான் இன்னா பண்றது?" என்றார். பழி இப்போது பார்சர் தலையில். அதற்கு வாய் இல்லை, பாவம். பிறகு அக்கா பக்கம் திரும்பாமலே, "சரி, ஃபைல் எல்லாம் நீயே பாரும்மா" என்று சொல்லிவிட்டு டீக்குப் போய்விட்டார்.

சாப்பாட்டு நேரத்துக்குள் அந்த இரண்டு பட்டன்களும் ஒரு காகிதத்தில் மடித்து அக்காவின் மேசைக்கு வந்திருந்தன. யார் வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை. நான் மாட்டித் தருகிறேன் என்று கை நீட்டினேன். அக்கா பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். லீடின் மேசைக்குப் போய் அவர் முன்னால் வைத்தார்.

"புடுங்குனவங்களே மாட்டட்டும் சார். எல்லாரும் பாத்துனு இருக்கறப்பத்தான புடுங்குனீங்க."

திரும்பி வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஃபைலைத் திறக்கவில்லை. வெளிநாட்டுக்கு அன்று மாலையே அனுப்பியாக வேண்டும் என்பது லீடுக்குத் தெரியும். 

கடைசியில் அவர் வந்தார். அக்காவின் மேசை தாழ்வானது, குனியத்தான் வேண்டும். என்டர் உடனே உட்கார்ந்தது. ஸ்பேஸ் நீளமான பட்டன், அடியில் ஒரு கம்பி உண்டு, அதைப் பள்ளத்தில் பொருத்தினால்தான் நிற்கும். அவருக்கு அது தெரியவில்லை. அமுக்கினார், எழும்பி வந்தது. மறுபடி அமுக்கினார். எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். இரண்டு பேரும் சொல்லவில்லை.