வாள்காரரோடு முந்நூற்றி நாலு

தில்லைநாயகி அக்காவுக்குக் கதைக்காமல் இருக்கத் தெரியாது. சுவிஸ் நாட்டுப் பேர்ணுக்கு வந்து ஒரு வருடம் கழிந்தும், கதைக்க ஆள் இல்லாததுதான் அவருடைய பெரிய கவலை. அகதி வழக்கு என்ன ஆகுமோ என்ற கவலைகூட அதற்கு அடுத்தபடிதான். புருஷன் பத்மநாதன் அண்ணை தங்கமான மனிதர், ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பவர். ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை முடித்து வந்து, சாப்பிட்டு, ரேடியோவில் செய்தி கேட்டுவிட்டுப் படுத்துவிடுவார். அக்கா யாரோடு கதைப்பது?

நானும் அவரும் ஆற்றங்கரையில் இருந்த ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை செய்தோம். படுக்கை விரிப்புகளை அழுத்திக் கொடுக்கும் பெரிய உருளை மெஷின் ஒன்று அங்கே இருந்தது. நான் லீவில் நின்ற நாட்களில் அக்கா அதனோடு கதைத்தாராம். "அது உன்னைவிட நல்லாய்க் கேக்கும் பிள்ளை, இடையிலை கதையாது" என்று என்னிடமே சொன்னார். டொச்சில், அதாவது அந்த ஊர் ஜெர்மன் மொழியில், அவருக்குத் தெரிந்தவை வணக்கமும் நன்றியும் எண்களும்தான். விரிப்பு, துவாய், மேசைத்துணி எல்லாவற்றையும் எண்ணி எண்ணியே ஒன்று தொடங்கி ஆயிரம் வரை சரளமாகச் சொல்வார். கடையில் போய் இரண்டு கிலோ வெங்காயம் கேட்பதென்றால் இரண்டை மட்டும் வாயால் சொல்லிவிட்டு, வெங்காயத்துக்குக் கையைக் காட்டுவார்.

எண்பத்தாறாம் ஆண்டு ஐப்பசியில் வாள்காரர் வந்தார்கள். ஆண்டுதோறும் நகரத்தில் ஒரு வாள் சந்தை நடக்கும். அதற்கு வருகிறவர்களில் யப்பான் வாள் சேகரிப்பவர்கள் தனிக் கூட்டம். சந்தை ஞாயிறு மத்தியானத்தோடு முடிய, அவர்கள் எங்கள் ஹோட்டல் மண்டபத்துக்கு வந்து ஒன்றாகச் சாப்பிட்டு, தங்கள் வாள்களை ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்ந்துவிட்டுப் போவது வழக்கம். வாளோடு ஆட்கள் வருகிறார்கள் என்று நான் சொன்னபோது அக்கா விரிப்பைக் கீழே வைத்துவிட்டு, "எங்களைத் தேடியோ?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

வந்தவர்களைப் பார்த்தால் ஈயைக்கூட விரட்டமாட்டார்கள். வங்கிக் கணக்காளர், பாதிரியார், கடிகாரக்கடைக்காரர். தலைவர் ட்ஸ்பிண்டன், தூண் என்கிற பட்டினத்துப் பல் வைத்தியர். பட்டுத்துணி உறைகளில் வாளைப் பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தார்கள். மண்டபத்து மேசைகளில் வெள்ளைத் துணி விரித்து வாள்களை வைத்தார்கள். அங்கே போகிறவர்கள் முதலில் வாளுக்குத் தலை வணங்கவேண்டும். இரும்பில் விரல் படக்கூடாது. வாளுக்கு நேரே வாய் திறந்து கதைக்கவும் கூடாது, எச்சில் தெறித்தால் துருப்பிடித்துவிடுமாம். வாளுக்குப் பூசுவது கராம்பு எண்ணெய். அந்த வாசனை படிக்கட்டு வரைக்கும் வந்தது. தலைவர் பல் வைத்தியர் என்று கேள்விப்பட்டிருந்த அக்கா, இத்தனை பேருக்குமா பல் வலி என்று என்னிடம் உண்மையான இரக்கத்தோடு விசாரித்தார்.

அன்று பரிமாறுகிறவர்களில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். ஹோட்டல் முதலாளியம்மா எங்களைச் சலவைக்கூடத்திலிருந்து மேலே கூப்பிட்டு, பக்கத்துச் சின்ன அறையில் இருக்கும் பெண்களுக்குக் கோப்பி ஊற்றச் சொன்னார். அங்கே இருந்தவர்கள் வாள்காரரின் மனைவிமார். ஆண்டுக்கு ஆண்டு புருஷன்மாரோடு வந்து, அவர்கள் வாள் பார்த்து முடியும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். மூன்று பேர் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். தலைவரின் மனைவி ட்ஸ்பிண்டன் அம்மா, லொக்கார்னோவிலிருந்து வந்த, இத்தாலியன் பேசும் பெர்னஸ்கோனி அம்மா, பாசலிலிருந்து வந்த ஒல்லியான ஒரு பெண். வழக்கமாக வரும் நாலாவது ஆள் அந்த முறை வரவில்லை. மூன்று பேரோடு ஆட்டம் சப்பென்று போய்க்கொண்டிருந்தது.

அது யாஸ் என்கிற சுவிஸ்காரரின் சீட்டாட்டம். அக்கா கோப்பிக் கேத்தலோடு பின்னால் நின்று பார்த்தார். ட்ஸ்பிண்டன் அம்மா துரும்பில், மற்ற இனங்களை வெட்டும் அந்த இனத்தில், ஆசு என்கிற ஏஸ் சீட்டைப் பெருமையாகப் போட்டார். பாசல்காரி அதன்மேல் ஒன்பதைப் போட்டார். பெர்னஸ்கோனி அம்மா ஜாக்கைப் போட்டு எல்லாவற்றையும் அள்ளினார்.

அக்கா சட்டென்று முன்னால் வந்தார். கேத்தலை மேசையில் வைத்தார். அள்ளிய சீட்டுகளை, கேட்காமல் கொள்ளாமல், திருப்பி எடுத்துப் பரப்பினார். ஜாக்கைத் தொட்டு டொச்சில் ஒன்று என்றார், ஒன்பதைத் தொட்டு இரண்டு என்றார், ஆசுச் சீட்டைத் தொட்டு மூன்று என்றார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, தமிழிலேயே, "எங்கடையிலும் இப்பிடித்தான்" என்றார்.

நான் பதறிப்போய், அக்கா, நாங்கள் வேலைக்கு வந்தனாங்கள் என்று காதுக்குள் சொன்னேன்.

"கோப்பி ஊத்தியாச்சுத்தானே பிள்ளை. இனி என்ன வேலை?"

ட்ஸ்பிண்டன் அம்மா அதற்குள் நாலாவது கதிரையை இழுத்துப் போட்டுவிட்டார்.

அக்காவின் பிறந்த வீட்டில் ஏழு அண்ணன் தம்பிமார். முந்நூற்றி நாலு என்கிற எங்கள் ஊர்ச் சீட்டாட்டத்துக்கு ஒரு கை குறையும்போதெல்லாம் அக்காவைத்தான் கூப்பிடுவார்களாம். அதிலும் ஜாக், ஒன்பது, ஆசு என்பதுதான் வரிசை. "பொம்பிளைப் பிள்ளைக்குச் சீட்டென்ன" என்று தாய் கத்தக் கத்த விளையாடி, கடைசியில் ஏழு பேரையும் வெல்கிற நிலைக்கு வந்திருந்தார். அப்படிப்பட்ட கைக்கு யாஸ் பிடிபடக் கால் மணித்தியாலம் போதும். இரண்டு ஆட்டம் வென்றார். மூன்றாவது ஆட்டத்துக்கு முன், சீட்டுக்கட்டில் இருந்த ஆறாம் இலக்கச் சீட்டுகளையெல்லாம் பொறுக்கி எடுத்து அப்பால் வைத்துவிட்டு, இனி நான் காட்டுகிறேன் என்று சைகை காட்டினார்.

முந்நூற்றி நாலில் முதலில் ஆளுக்கு நாலு சீட்டுத்தான். அதைப் பார்த்து, இத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஒருவருக்கு மேல் ஒருவர் கேட்கவேண்டும். ஆகக் கூடக் கேட்டவர் துரும்பைத் தெரிவுசெய்து, யாருக்கும் காட்டாமல் கவிழ்த்து வைப்பார். மற்றவர்களுக்கு எது துரும்பு என்றே தெரியாது. இதை விளக்க மொழி தேவைப்படவில்லை. கேட்பதெல்லாம் எண்கள், எண்கள்தான் அக்காவிடம் கொட்டிக் கிடந்தன. ஹுண்டர்ட் ஸெக்ஸிக் என்று நூற்றறுபதில் தொடங்கினார். பாசல்காரி நூற்றெழுபது என்றார். அக்கா நூற்றெண்பது என்றார். அந்த நாட்டில் அவர் செய்த முதல் நீண்ட சம்பாஷணை அதுதான். நடு நடுவே தமிழில் ஏசினார், கெஞ்சினார், நையாண்டி பண்ணினார். மற்ற மூவரும் தங்கள் தங்கள் மொழியில் பதில் சொன்னார்கள். இஸ்கோப்பன் என்கிற ஸ்பேட் சீட்டைத் தூக்கிக் காட்டி, இத்தாலியன் சீட்டுக்கட்டில் இதன் இடத்தில் வாள்தான் இருக்கும் என்று பெர்னஸ்கோனி அம்மா கையால் வெட்டிக் காட்டியபோது, நாலு பேரும் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார்கள்.

எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு சோடி, தோற்ற சோடிக்கு ஒரு தண்டனை உண்டு. அக்கா வீட்டில் காதில் பலாமரத்துப் பிலாவிலை கொழுவித் தொங்கவிடுவார்களாம். இங்கே பிலாவிலைக்கு எங்கே போவது? அக்கா ஏப்ரன் பொக்கற்றுக்குள் கையை விட்டு, உடுப்புக் காயப்போடும் மரக்கிளிப் இரண்டை எடுத்தார். முதலில் மாட்டிக்கொண்டவர் தலைவரின் மனைவி.

சுவருக்கு அந்தப் பக்கம் வாய் திறக்காமல் வாள் பார்க்கிறார்கள், இந்தப் பக்கம் இந்தக் கூத்து. பல் வைத்தியர் கதவைத் திறந்து உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனார். சற்று நேரத்தில் மறுபடி வந்து, உள்ளே அறுநூறு வருடத்து வாள் ஒன்றை உறையிலிருந்து எடுத்திருக்கிறோம், தயவுசெய்து, என்றார். மூன்றாம் முறை வந்தபோது மனைவியின் பின்னால் நின்று அவர் கைச்சீட்டைப் பார்த்தார். மனைவி ஒரு சீட்டைப் போட, பிழை என்று உச்சுக்கொட்டினார். மனைவி எழுந்து, அப்படியென்றால் நீங்களே இருங்கள் என்று சீட்டை அவர் கையில் திணித்துவிட்டார்.

அவர் தோற்றார். கிளிப் மாட்டப்பட்டது. தலைவரைத் தேடிக்கொண்டு பாதிரியார் வந்தார், பாதிரியாரைத் தேடிக்கொண்டு கடிகாரக்கடைக்காரர் வந்தார். போனவர் எவரும் திரும்பவில்லை. இன்னொரு மேசை இழுத்துப் போடப்பட்டது. கீழே போய்க் கிளிப் கூடையையே தூக்கிக்கொண்டு வரும்படி அக்கா என்னை ஏவினார். நானும் போனேன், ஏன் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது, சிரிப்பில் எனக்கு வயிறு நொந்துகொண்டிருந்தது.

கடைசியாகக் கித்தமுரா வந்து வாசலில் நின்றார். அவர்தான் அன்றைய பிரதம விருந்தினர். யப்பானில் வாள் தீட்டுவதையே தொழிலாகக் கொண்டவர், அறுபது வயது மதிக்கலாம், கறுப்புக் கோட்டுப் போட்ட மெலிந்த மனிதர். எல்லோரும் எழுந்து நின்றார்கள். கிளிப் மாட்டிய காதுகளோடு நின்றார்கள். பல் வைத்தியரின் முகத்தில் இரத்தமே இல்லை. கித்தமுரா அவர்களைத் தாண்டி மேசைக்கு வந்து, கவிழ்த்து வைத்திருந்த துரும்பைக் காட்டி, இது என்ன என்று யாருக்குத் தெரியும் என்று தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் கேட்டார். பள்ளிக்கூடத்து ஆங்கிலம் கொஞ்சம் கைவசம் இருந்த அக்கா, எனக்கு மட்டும்தான் தெரியும் என்றார். அவர் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

புதிதாகப் பகிர்ந்த சீட்டை அவர் ஓரத்தில் மட்டும் பிடித்தார், நடுவில் விரல் படவில்லை. ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். பிறகு, கையில் ஒன்றுமே இல்லாமல், இருநூறு கேட்டார். படுதோல்வி. கிளிப்பை இரண்டு கையாலும் வாங்கி, தலை வணங்கி, தானே காதில் மாட்டிக்கொண்டார். தோல்வி பெரியது என்பதால் மற்றக் காதுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கினார்.

அந்த நேரத்தில் முதலாளியம்மா உள்ளே வந்தார். விருந்தினர் நடுவில், வேலைச் சட்டையோடு, கதிரையில் அக்கா. சுற்றிவர, காதில் கிளிப்போடு கனவான்கள்.  அக்கா எழும்பி ஏப்ரனை இழுத்துச் சரிசெய்தார். வேலை போய்விட்டது என்றே நானும் நினைத்தேன், அவரும் நினைத்தார். ஆனால் கித்தமுரா முந்திக்கொண்டு எழுந்து, முதலாளியம்மாவுக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். குனிந்த வேகத்தில் வலக்காதுக் கிளிப் தெறித்துப் பறந்து, பால் குவளைக்குள் விழுந்தது.

முதலாளியம்மா குவளையைப் பார்த்தார். அவருடைய தோள்கள் குலுங்கின. சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு கிட்ட இருந்த வெற்றுக் கதிரையில், அக்காவின் கதிரையில், தொப்பென்று உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். மூச்சு வந்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான். கிளிப் எல்லாம் நாளைக்குக் கூடையில் இருக்கவேண்டும், புதுப் பால் கொண்டு வாருங்கள்.

அன்று வீட்டில் நடந்ததை அக்கா மறுநாள் சொன்னார். பத்மநாதன் அண்ணை ரேடியோவை நிறுத்திவிட்டு முழுக் கதையையும் கேட்டாராம். விருந்தாளிகளோடு இருந்து விளையாடியது, முதலாளியம்மா வந்தது, எல்லாம். கேட்டு முடித்ததும், "விளையாட்டிலை வெண்டனீரோ?" என்றாராம்.

"ஓம்."

அவர் மறுபடி ரேடியோவைப் போட்டாராம்.

அடுத்த வருடம் வாள்காரர் ஹோட்டலில் மண்டபம் பதிவு செய்தபோது பக்கத்து அறையையும், தில்லைநாயகி அக்காவையும் சேர்த்தே கேட்டார்கள். அக்கா அன்று லீவு போட்டு, மாம்பழ நிறச் சேலை கட்டி, முன்வாசலால் வந்தார். மத்தியானம் வாள், பின்னேரம் சீட்டு என்று ஆகிவிட்டது. முந்நூற்றி நாலு கேட்டுக் கேட்டே அக்காவின் டொச் வளர்ந்தது. முதலில் எண்கள், பிறகு ஏச்சு, பிறகு வசனம்.

எண்பத்தெட்டில் கித்தமுரா மறுபடி வந்தார். அக்கா இதுவரை வாள் மண்டபத்துக்குள் போனதே இல்லை என்று அறிந்ததும், அவரே கூட்டிக்கொண்டு போனார்.  அக்கா வணங்கினார், வாளை வாங்கினார், சொல்லிக் கொடுத்தபடி வெளிச்சத்துக்குப் பிடித்தார். அலை வந்துபோன மணலில் ஒரு கோடு மிஞ்சுமே, விளிம்போரமாக அப்படி ஒரு கோடு ஓடியது என்று பிறகு என்னிடம் சொன்னார். அவ்வளவு நேரம் அவர் வாய் மூடி இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. அதுதான் வினையாகிவிட்டது. வாசலில் நின்ற ட்ஸ்பிண்டன் அம்மா அதைக் கண்டு சிரிப்பு வந்து வாயைப் பொத்தினார். அக்கா அவர் வாயைப் பொத்தியதைக் கண்டார்.

கையில் வாள். சிரித்தால் எச்சில் தெறிக்கும். அக்காவின் கன்னம் இரண்டும் ஊதின, கண்ணில் நீர் முட்டியது, மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பல் வைத்தியர் கண்ணை மூடிக்கொண்டார். கித்தமுரா அமைதியாகக் கிட்ட வந்து, வாளை அவர் கையிலிருந்து எடுத்து, துடைத்து, உறையில் போட்டு, மேசையில் வைத்தார். பிறகு அக்காவைப் பார்த்துத் தலையசைத்து, ஆங்கிலத்தில், "இப்போது, தயவுசெய்து" என்றார்.

அக்கா சிரித்த சிரிப்பில் மண்டபமே சேர்ந்துகொண்டது. பாதிரியார் மேசைத்துணியால் கண்ணைத் துடைத்தார்.

அதற்கு அடுத்த கோடையில் பெர்னஸ்கோனி அம்மா சீட்டு மேசையின் மற்ற மூவரையும் ஒரு கிழமை லொக்கார்னோவுக்குக் கூப்பிட்டார். புருஷன்மாருக்கு அழைப்பில்லை. பத்மநாதன் அண்ணை ஸ்ரேசன் வரை வந்து பெட்டியை ஏற்றிவிட்டுப் போனார். ஒரு நாள் வாவியில் வள்ளத்திலேயே இருந்து விளையாடினார்களாம். காற்று ஒன்று வந்து மேலே கிடந்த ஆசுச் சீட்டைக் கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டது. நாலு பேரும் ஒரே பக்கம் எட்டிப் பிடிக்கப் போய், வள்ளம் சரிந்து, பாசல்காரி இடுப்பு வரை நனைந்து, அந்தச் சீட்டைக் கையோடு தூக்கிக்கொண்டு எழும்பினாராம். வெயிலில் காயவைத்தும் அது அப்பளம்போல் ஊதிப்போய்விட்டது. மிச்ச நாட்களெல்லாம் அந்த ஆசு யார் கையில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. தெரியாதது மாதிரித்தான் நாங்கள் புள்ளி கேட்டனாங்கள் என்றார் அக்கா.