அடுத்த வருசத்து இடம்

பூபாலசிங்கத்தைக் கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பயந்தவர் என்று வேண்டுமானால் சொல்லலாம். அதை அவர் முகத்துக்கு நேரேயே சொல்லலாம், கோபிக்கமாட்டார். "பயந்தபடியால்தானே இண்டைக்கும் உயிரோடை கிடக்கிறன்" என்பார்.

திருகோணமலையில் இருபத்திரண்டு வருசம் கிளாக்கர் வேலை பார்த்த மனிதர். எண்பத்தைந்தாம் ஆண்டில் மூத்த மகள் ஜெகதீஸ்வரியை மட்டும் கூட்டிக்கொண்டு மொன்றியலுக்கு வந்து அகதி என்று பதிந்தார். மனைவி புஷ்பவதியும் கடைக்குட்டியும் ஊரில் நின்றுவிட்டார்கள். இங்கே வழக்கு வென்றால்தான் அவர்களைக் கூப்பிடலாம். ஆகவே அந்த மனிதருக்கு வழக்குத்தான் சாமி, வழக்குத்தான் பேய், எல்லாமே. டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற கூடத்தில் விடியப்புறம் வேலைக்குப் போய் மத்தியானம் திரும்பிவிடுவார். மகள் சபனெல் தெருவில் உடுப்புத் தைக்கிற தொழிற்சாலையில் பகல் முழுக்க நின்றாள்.

அந்த மகளுக்குத்தான் பாட்டு நாடகம் படிக்கும் ஆசை வந்தது. பிரெஞ்சு வகுப்பில் பழகிய ஒரு பெட்டை அவளைக் கல்லூரி நாடகம் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். பாடிக்கொண்டே நடிக்கிறார்கள், நடித்துக்கொண்டே ஆடுகிறார்கள். அன்றிலிருந்து இவளுக்குச் சோறு இறங்கவில்லை. தகப்பனிடம் சொன்னபோது அவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"கூத்தாடவோ பிள்ளை பிளேன் ஏறி வந்தனாங்கள்?"

"படிப்பு அப்பா. கல்லூரிப் படிப்பு. முடிச்சால் கடுதாசி தருவினம்."

கடுதாசி தருவார்கள் என்றதும் கிளாக்கர் கொஞ்சம் தணிந்தார். பிறகு அவள் குசினியில் பாடப் பாட, அவரே கதவோரத்தில் நின்று கேட்கத் தொடங்கிவிட்டார். அதை அவர் யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை.

இரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். ஒன்று நகரத்துக்குள்ளே, முதல் நாளிலிருந்தே பாட்டும் ஆட்டமும் நடிப்பும். மற்றது ஆற்றுக்கு அப்பால் லவாலில். அங்கேயும் பாட்டு நாடகம்தான், ஆனால் தையல் தெரியும் என்று இவள் எழுதியதைப் பார்த்து உடுப்புப் பகுதியில் இடம் கொடுத்தார்கள். வருசத்தில் ஒருதரம் பின்வரிசையில் நின்று கோரஸ் பாடலாம். நகரத்துக் கல்லூரியில் பாட்டுச் சோதனை எடுத்த ரீச்சர், இவள் பாடி முடிந்ததும் இன்னொருக்காப் பாடு என்று கேட்டாவாம். அந்தக் கதையை அவள் தகப்பனுக்கு நூறுதரம் சொல்லியிருப்பாள். ஆனால் அங்கிருந்து வந்த பதில், காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறாய், இடம் காலியானால் ஓகஸ்டில் எழுதுவோம் என்பதுதான்.

எண்பத்தேழாம் ஆண்டு ஓகஸ்ட் முழுக்க அவள் வேலையால் வந்து செருப்பைக் கழற்றுமுன் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அப்பா, எனக்குக் கடிதம் வந்ததே?"

"இல்லைப் பிள்ளை."

அவர் பொய் சொல்லவில்லை. அங்கேதான் கோளாறு. அரசாங்கக் கடிதங்களை அவர் திறப்பதில்லை. வந்த புதிதில் பிரெஞ்சில் ஒரு படிவம் வந்தது. படிவம் நிரப்பியே வாழ்ந்த மனிதர் அல்லவா, எனக்குத் தெரியாத படிவமா என்று நிரப்பிக் கையெழுத்தும் வைத்து அனுப்பிவிட்டார். வழக்கை மீளப் பெறுகிறேன் என்ற படிவம் அது! திருத்தி எடுக்க எட்டு மாதம் போயிற்று. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? அதற்குப் பிறகு கியூபெக் அரசின் பூச்சின்னத்தோடு மண்ணிற உறை எது வந்தாலும், வெளியே தன் பெயரைக் கண்டவுடன் நெஞ்சு பதற ஒரு பைக்குள் போட்டுவிடுவார். மாதத்தின் முதல் சனிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு சட்டத்தரணியின் கந்தோரில் மொழிபெயர்க்கிற தியாகராசாவிடம் போவார். இந்த நாட்டில் மகளின் பெயருக்குப் பின்னால் வருவதும் தன் பெயர்தான் என்பது, ஐயோ, அந்தப் பதற்றத்தில் அவருக்கு எங்கே ஞாபகம் வரும்? மடத்தனம் என்றால் மடத்தனம்தான். ஆனால் பயந்து பயந்து பழகிய மடத்தனம்.

செப்ரம்பர் ஐந்தாம் தேதி தியாகராசா உறைகளை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டு வந்தவர், ஒன்றில் நின்றார்.

"அண்ணை, இது குடிவரவு இல்லை. கல்லூரியும் அரசாங்கத்தின்ரைதானே, அதுதான் அதே உறை. பிள்ளைக்கு நகரத்துக் கல்லூரியிலை இடம் குடுத்திருக்கிறாங்கள்."

பூபாலசிங்கத்துக்கு முதலில் சந்தோசம்தான் வந்தது. வாயெல்லாம் பல்லாக எழும்பியே விட்டார்.

"இருங்கோ அண்ணை. ஓகஸ்ட் இருபத்தொண்டுக்கு முதல் மறுமொழி குடுக்க வேணுமாம்."

அவர் திரும்பவும் கதிரையில் இருந்தார். ஜெகதி லவாலில் பதிந்து ஒரு கிழமை ஆயிற்று. பாட்டுக்குத் தன்னை யாருக்கும் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டி, குசினியில் பாடுவதையும் அடியோடு விட்டிருந்தாள்.

"சொல்லாமல் விடுங்கோ அண்ணை," என்றார் தியாகராசா. "முடிஞ்ச கதை. சொல்லி என்னத்துக்கு அந்தப் பிள்ளையைச் சாக்கொல்லுறியள்?"

பஸ்ஸில் வரும்போது அதே யோசனைதான். சொல்லாவிட்டால் தன் முகம் தப்பும். ஆனால் அவள் தனக்குக் குரலில்லை என்று நினைத்தே கிழவியாகிவிடுவாள். பாவி மனிதர், இந்த ஒரு தடவை பயத்தை மிதித்துக்கொண்டு போய் வீட்டு வாசலிலேயே கடிதத்தை நீட்டிவிட்டார்.

அவள் நின்றபடியே வாசித்தாள். "என்னை எடுத்திருக்கினம்! அப்பா, என்னை எடுத்திருக்கினம்!" என்று கத்தினாள். பிறகுதான் தேதியைப் பார்த்தாள்.

"இது எப்ப வந்தது?"

அவர் சொன்னார். அவள் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள்.

"ஒவ்வொரு நாளும் கேட்டனானெல்லே, அப்பா."

அவர் தலையில் தலையில் அடித்துக்கொண்டார். "அடியாதேங்கோ," என்றாள். "அடிச்சு என்ன வரப்போகுது?" அவள் ஏசியிருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை தொழிலாளர் தின விடுமுறை. செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் வேலைக்குப் போகாமல் நகரத்துக் கல்லூரிக்குப் போனார்கள். இவள் உள்ளே போய்க் கதைத்தாள். அவர் நடைபாதை வாங்கில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். சோதனை எடுத்த அதே ரீச்சர் கூடவே வெளியே வந்து, அவருடைய கையைப் பிடித்துப் பிரெஞ்சில் ஏதோ சொன்னா. அவருக்கு விளங்கியது நன்றி என்கிற "மெர்சி" மட்டும்தான். மிச்சத்தை மகள் பஸ் தரிப்பில் வைத்துச் சொன்னாள்.

"என்ரை இடத்தை மற்ற ஆளுக்குக் குடுத்திட்டினமாம். ஆனால் அடுத்த வருசம் செப்ரம்பருக்கு எனக்கெண்டு ஒரு இடம் வைக்கலாமாம். திரும்பச் சோதனை தேவையில்லை."

"அப்ப நல்லதுதானே?"

"வேறை கல்லூரியிலை பதிஞ்ச ஆளுக்கு இடம் பிடிச்சு வைக்கேலாதாம். லவாலை விட வேணும். விடுறதெண்டால் வெள்ளிக்கிழமைக்குள்ளை விடவேணும்."

இதைவிட இல்லை என்றே சொல்லியிருக்கலாம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று இரண்டு நாள் அழுதுவிட்டு எழும்பியிருப்பாள். இது அப்படியா? ஒரு பக்கம் கையிலிருக்கும் லவால், ஊசியும் நூலும். மறுபக்கம் அவள் உயிரை விடுகிற படிப்பு, ஆனால் ஒரு வருசம் தள்ளி. ஒரு வருசம் என்பது இந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்கு ஒரு குளிர்காலம், ஒரு கோடைகாலம். அகதிக்கு அப்படியா?

அதுவும் எந்த வருசம்! ஜூலையில்தான் ஊரில் ஒப்பந்தம் கைச்சாத்தாகி இந்திய ஆமி வந்து இறங்கியிருந்தது. சமாதானம் வந்துவிட்டது, இனி அகதி என்று யார் நம்புவான் என்று மொன்றியல் தமிழர் எல்லோரும் பயந்து பயந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். டோர்வல் கூடத்தில் கூட வேலை செய்த கணேசலிங்கம் புதன்கிழமை சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான்.

"லிஸ்ட் போட்டாச்சாம் அண்ணை. ஆறு மாதத்திலை எல்லாரையும் திருப்பிப் பிளேன் ஏத்துறாங்களாம். நான் ஒரு கட்டில்கூட வாங்கேல்லை."

தியாகராசாவைக் கேட்டால், "அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையாய்ப் போகும்" என்றார். "கல்லூரியிலை பதிஞ்சு படிக்கிற பிள்ளையெண்டால் வழக்கிலையும் ஒரு மதிப்பு."

வியாழக்கிழமை பின்னேரம் ஜெகதி தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே இருந்தாள். மூன்று நாளாக அவள் நித்திரை கொள்ளவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அப்பா, ஒண்டு கேக்கிறன். அடுத்த செப்ரம்பரிலை நாங்கள் இஞ்சை இருப்பமோ?"

"அது பிள்ளை… வழக்கு இன்னும்…"

"வழக்கைக் கேக்கேல்லை அப்பா. இருப்பம் எண்டு நீங்கள் நினைக்கிறியளோ? ஓம் எண்டு சொல்லுங்கோ. நான் நாளைக்கு லவாலை விட்டிட்டு வாறன். பேந்து என்ன வந்தாலும் உங்களிலை குறை சொல்லமாட்டன்."

அவளுக்கு வேண்டியது ஆதாரம் அல்ல. யாராவது ஒருவர், பெற்ற தகப்பன், தனக்குப் பக்கத்தில் நின்று துணிய வேண்டும், அவ்வளவுதான். அது அவருக்கு விளங்காமல் இல்லை. நன்றாகவே விளங்கியது. ஓம் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் ஒருதரம் நம்பிக்கையோடு கையெழுத்து வைத்து எட்டு மாதம் செத்துப் பிழைத்த மனிதர். பிறகு கடிதத்தைப் பதுக்கி அவளுடைய இடத்தையே தின்ற மனிதர். மூன்றாம் தரமும் பிழையாகிவிட்டால்? புஷ்பவதிக்கு என்ன சொல்வது? தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

"ஆருக்குப் பிள்ளை தெரியும்," என்றார் கடைசியில்.

"சரி அப்பா," என்றாள். எழும்பிப் போய் அடுத்த நாள் லவாலுக்குக் கொண்டுபோகத் துணிவெட்டுகிற கத்தரிக்கோலைத் தேடி எடுத்து வைத்தாள். அந்தக் கதையை அவர்கள் அந்த வீட்டில் பிறகு எடுக்கவேயில்லை.

யாரையும் ஏற்றவில்லை. லிஸ்டும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. அடுத்த செப்ரம்பர் வந்தது. அவர்கள் அதே வீட்டில்தான் இருந்தார்கள். அதற்கடுத்த செப்ரம்பரும் வந்தது. வழக்கு பின்னுக்குப் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. கணேசலிங்கம் கட்டில் மட்டுமில்லை, காரும் வாங்கிவிட்டான்.

எண்பத்தொன்பது டிசம்பரில் லவால் கல்லூரியில் பெரிய நாடகம் போட்டார்கள். பூபாலசிங்கம் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரேயொரு கோட்டைப் போட்டுக்கொண்டு, ஹென்றி-பூராசாவில் மெட்ரோவால் இறங்கிப் பஸ் பிடித்துப் போய் மூன்றாம் வரிசையில் இருந்தார். பதினெட்டுப் பெட்டைகள் வந்து பாடினார்கள். முன்னுக்கு நின்றவள் பாடியது அவருக்கே கொஞ்சம் சுருதி விலகியதாகப் பட்டது. ஒவ்வொரு தரமும் ஆட்கள் மேடைக்கு வரும்போது எட்டி எட்டிப் பார்த்தார். கோரஸில் கூட ஜெகதி இல்லை. போட்டிருந்த பாவாடைகள் எல்லாம் அவள் தைத்தவை. சனம் எழும்பி நின்று கைதட்டியபோது அவரும் எழும்பி நின்று தட்டினார். கண்ணால் வழிந்ததைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பஸ் தரிப்பில் அவள் விரல்களை ஊதிக்கொண்டு நின்றாள்.

"கோரஸிலை பாடலாமெண்டாய், பிள்ளை."

"கேட்டவை. நான்தான் மாட்டனெண்டிட்டன்."

அவருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. இரண்டு வருசமாக நெஞ்சுக்குள் கிடந்து அரித்ததை அங்கேயே, அந்தக் குளிரிலேயே சொல்லிவிட்டார்.

"அண்டைக்கு நான் ஓம் எண்டு சொல்லியிருக்க வேணும், என்ன பிள்ளை?"

இல்லை அப்பா, உங்களுக்கு எப்படித் தெரியும், விடுங்கோ என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் எப்போதும் அப்படித்தான் சொல்கிறவள். அவள் அவருடைய கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டிவிட்டாள். கழுத்தில் விழுந்திருந்த பனியைத் தட்டிவிட்டாள்.

"ஓம் அப்பா," என்றாள். "சொல்லியிருக்க வேணும்."