பரீதா ஒப்புக்கொண்ட பிழை

பரீதா போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் கணினித் திரையில் ஒரு படிவத்தின் பொத்தான்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். புதன்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். "ராத்தா மௌத்தாகிட்டா. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்" என்று அவளுடைய தங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். வாசித்தேன். தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். 'சேமி' பொத்தானையும் 'மூடு' பொத்தானையும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவந்தேன். டப் விசையை அழுத்தி அழுத்தி, ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்தேன். அரை மணித்தியாலம் இப்படியே இருந்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். அழுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும், அது என்னிடம் இருக்கவில்லை.

என் ஊரான களுதாவளையிலிருந்து அவளுடைய ஏறாவூருக்குப் போய்ச் சேரப் பின்னேரமாகிவிட்டது. அதற்குள் மையித்தைக் கொண்டுபோய்விட்டார்கள். அவளுடைய உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தான் மகள், கொண்டு போனாங்க. கொஞ்சம் வெள்ளண வந்திருந்தா முகத்தப் பாத்திருப்பாய்" என்றார். நான் தலையை ஆட்டினேன். பெண்களோடு உள்ளே போய் உட்கார்ந்து, தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

இதை வாசிக்கிறவர்களில் பெரும்பாலானோர் அவளை அறிந்தவர்கள். கூட வேலை செய்தவர்கள், அவள் செய்த படிவங்களில் தினமும் தட்டெழுதுகிறவர்கள். அறியாதவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கந்தோரில் கணினித் திரையில் பெயர் எழுத ஒரு கட்டம் இருக்கும், அம்புக்குறியை அழுத்தினால் கீழே விரிகிற பட்டியல் இருக்கும், சரி போட ஒரு சதுரம், அழுத்த ஒரு பொத்தான். இவற்றை அந்தந்த இடத்தில் வைத்து வேலை செய்ய வைப்பதுதான் எங்கள் தொழில். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தோம். பிறகு மட்டக்களப்பு நகரில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்து, இரண்டு மேசை போட்டு, சின்னச் சின்னக் கந்தோர்களுக்கு மென்பொருள் எழுதினோம். எல்லாரும் இணையத்துக்கும் கைத்தொலைபேசிக்கும் ஓடிய காலம் அது. நாங்கள் கணினியிலேயே கிடந்து ஓடுகிற பழைய மாதிரி மென்பொருளை விடவில்லை. "மழை பெஞ்சா லைன் போயிரும். லைன் போனா நோயாளியும் போயிருவானா?" என்பாள்.

அவளோடு ஒரு அறையில் இருப்பது லேசான காரியமல்ல. நாள் முழுக்கக் கச்சான் கடலை உடைப்பாள். கோதெல்லாம் என் விசைப்பலகைக்குள் வந்து கிடக்கும். தமிழ் எழுத்தின் அடிப்பகுதி கட்டத்துக்குள் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் கணினியை வாயில் வந்தபடி ஏசுவாள். "இந்தச் சனியன் பெட்டிய இங்கிலீசுக்காரன் அவன்ட எழுத்துக்கு அளந்து வச்சிரிக்கான்" என்று ஒவ்வொரு கட்டமாக உயரத்தைக் கூட்டுவாள். நூறு கட்டமிருந்தால் நூறையும் தொடுவாள். எனக்கு அவளைப் பார்க்கவே களைக்கும்.

ஒருமுறை குடும்பப் பதிவுக்காக நான் ஒரு படிவம் செய்தேன். எங்கிருந்தோ எடுத்த மாதிரியைப் பார்த்து, மனைவியின் முகவரிக்குப் பக்கத்தில் 'கணவனின் முகவரியே' என்று ஒரு சரி போடும் சதுரமும் வைத்தேன். பரீதா பார்த்துவிட்டுக் கதிரையில் சாய்ந்து சாய்ந்து சிரித்தாள்.

"அடியேய் கோமு, நீ எந்த ஊருப் புள்ள? இஞ்ச ஆரு பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போறான்? மாப்பிள்ளதானே பெட்டியத் தூக்கிட்டுப் பொண்ணு வீட்டுக்கு வாறான். ஒண்ட புருசன் இப்ப ஆருட வீட்டுல இரிக்கார்?"

என் வீட்டில்தான் இருந்தார். என் அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில். களுதாவளையிலும் அதுதான் வழக்கம், ஏறாவூரிலும் அதுதான் வழக்கம். அதே வீட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தவள்தான் அந்தச் சதுரத்தை வைத்திருக்கிறேன். கணவனின் முகவரிக்குப் பக்கத்தில் அதை மாற்றிப் போட்டோம். இரண்டு கிழமை என்னை "கொழும்பு மருமகள்" என்று கூப்பிட்டாள்.

அழுத்த முடியாமல் சாம்பல் நிறத்தில் நிற்கிற பொத்தான்மேல் அவளுக்குத் தனிக் கோபம் இருந்தது. விதை நெல் பதிவுக்குச் செய்து கொடுத்த மென்பொருளில் 'சேமி' சாம்பலாகவே நின்றதால், ஒரு வயதான உத்தியோகத்தர் ஆரிடமும் கேட்க வெட்கப்பட்டு அரைநாள் அதன் முன்னால் சும்மா இருந்திருக்கிறார். ஏதோ ஒரு கட்டம் வெறுமையாக இருந்ததுதான் காரணம். அன்றிலிருந்து, "வாசலப் பூட்டினா ஏன் பூட்டினேன் எண்டு எழுதி ஒட்டு" என்பது எங்கள் அறையின் சட்டமாயிற்று. எந்தப் பொத்தான் சாம்பலானாலும் பக்கத்தில் ஒரு வரி காரணம் எழுத வேண்டும். எத்தனை வரிகள் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை.

இனி, உங்கள் எல்லாருக்கும் தெரிந்த கதைக்கு வருகிறேன். இந்த இரண்டு கிழமையில் வந்த இரங்கல் செய்திகளில் பலர் அதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். மேற்குப் பக்கத்தில் ஒரு சிறிய வைத்தியசாலையின் கிளினிக் பதிவுப் பட்டியலில் பிழை வந்தது, அது தன் பிழை என்று பரீதா தானே போய் ஒப்புக்கொண்டாள், அவ்வளவு நேர்மையானவள் என்று. அந்தக் கதையில் ஒரு விடயம் சரியில்லை.

நடந்தது இது. நோயாளியைப் பதியும்போது பட்டியலில் கிளினிக்கைத் தெரிவு செய்ய வேண்டும். நீரிழிவுக்குச் சீனி, பிறகு பிரஷர், கண் என்று வரிசையாக இருக்கும். தெரிவு செய்ததற்கு ஏற்றபடி அடுத்த முறை வரவேண்டிய நாள் அட்டையில் அச்சாகும். சில மாதங்களாக ஆட்கள் பிழையான நாளில் வந்து திரும்பிப் போனார்கள். ஒரு நாள், கரடியனாற்றுக்கும் அங்காலிருந்து ஒரு சீனி நோயாளி, இரத்தம் சோதிக்க வேண்டுமென்று சாப்பிடாமல் முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். அன்று சீனி கிளினிக் இல்லை. வாசலிலேயே மயங்கி விழுந்துவிட்டார். நல்ல காலம், வைத்தியசாலை வாசலில் விழுந்தார்.

பதிவு மேசையில் இருந்தவள் வசந்தி. தற்காலிக நியமனத்தில் இருந்த எழுதுவினைஞர், இரண்டு பிள்ளைகளின் தாய், கணவன் இல்லை. கவனமில்லாமல் பதிகிறாள் என்று விசாரணை தொடங்கியது. அந்த மாத முடிவில் அவளுடைய நியமனம் புதுப்பிக்கப்பட இருந்தது. மென்பொருளில் பிழை உண்டா என்று எங்களிடமும் கேட்டார்கள். நான் எங்கள் அறையில் இருந்து நாற்பது தடவை பதிந்து பார்த்தேன். நாற்பதும் சரி. 'மென்பொருளில் குறை எதுவும் இல்லை' என்று கடிதம் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினேன்.

பரீதா அந்தக் கடிதத்தில் கையொப்பம் வைக்கவில்லை. "நீ சோதிச்சது ஒண்ட கையால. அவட கையால ஆரு சோதிச்ச?" என்றாள். அடுத்த நாள் காலையில் பஸ் ஏறிப் போய், வசந்திக்குப் பக்கத்தில் ஒரு வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். கதைக்கவில்லையாம், அவளுடைய கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பகலுக்கு முன்பே எனக்கு அழைத்தாள்.

"கோமு, இஞ்ச திரை சின்னன். படிவத்தின்ட அடி தெரியல்ல. அவ கிளினிக்கத் தெரிஞ்சி போட்டு, கீழ போறத்துக்கு மவுசிர சில்ல உருட்டுறா. படிவம் இறங்கல்ல, பட்டியல்ல ஒண்டு மாறுது. சீனி போய்ப் பிரஷராகிது. சில நேரம் வேற இடத்துல கிளிக் பண்ணிட்டு உருட்டுறா, அப்ப மாறல்ல. விளங்குதா?"

விளங்கியது. எங்கள் அறையில் திரை பெரிது. எனக்கு உருட்ட வேண்டிய தேவையே வரவில்லை. பட்டியலை மூடிய பிறகும் மவுஸின் சில்லுச் சக்கரத்தின் அசைவு அதற்குத்தான் போகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தடுக்க நான்கு வரி போதும். நான் அந்த நான்கு வரியை எழுதாமல் விட்டிருந்தேன்.

ஓம், நான்தான். வைத்தியசாலைப் படிவம் முழுக்க என் வேலை. பரீதா அப்போது ஓட்டமாவடியில் வேறொரு வேலையில் இருந்தாள்.

பின்னேரம் அவள் அறைக்கு வந்தபோது நான்கு வரியையும் எழுதி முடித்திருந்தேன். "மற்றத் திருத்தங்களோட சேத்து அனுப்பிருவம். ஆருக்கும் ஒண்டும் சொல்லத் தேவையில்ல" என்றேன்.

"அப்ப வசந்தி?"

"இனிப் பிழை வராதுதானே. அவவ ஆரு கேக்கப்போறாங்க?"

"ஒண்ட கடிதம் அங்க கிடக்கு புள்ள. குதிரை கீழ தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்ச கதையா இரிக்கி. போய்ச் சொல்லு. நானும் கூட வாறன்."

நான் போகவில்லை. வேறு இரண்டு வைத்தியசாலைகள் எங்கள் மென்பொருளைக் கேட்டிருந்தன, பெயர் கெட்டுவிடும் என்று பயந்தேன். திங்கட்கிழமை போவோம் என்றேன். திங்கள் வந்ததும் காய்ச்சல் என்றேன். வியாழக்கிழமை மகளின் பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்றேன். கூட்டம் உண்மைதான், காய்ச்சல் பொய். மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது பரீதா தனியாகப் போனாள். 'இந்தப் படிவத்தைச் செய்தவள் நான். குறை என்னுடையது. எழுதுவினைஞர்மேல் எந்தத் தவறும் இல்லை' என்று கையாலேயே எழுதி வைத்தியசாலையில் கொடுத்தாள், வசந்தியிடமும் அதையே சொன்னாள்.

திரும்பி வந்து கச்சான் பையைப் பிரித்துக்கொண்டு சொன்னாள்: "ஒனக்கு ஏலாது எண்டு விளங்கிச்சு. நீ ஒழும்புற வரைக்கும் இருந்தா அவட வேலை போயிரும். அதுதான் போனேன். பெரிசா நினைச்சிராத."

எனக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு மாதம் அவளோடு சரியாகக் கதைக்கவில்லை. வசந்தியின் வேலை தப்பியது. அடுத்த முறை அந்த வைத்தியசாலை கூப்பிட்டபோது, "மற்ற மிஸ் செய்யட்டும், அவவிட வேலை கவனமானது" என்றார்கள். மற்ற மிஸ் நான். போய்ச் செய்தேன். பரீதா புதிதாக வந்தவர்களுக்கு அந்தப் பட்டியல் கதையைச் சொல்லும்போது, "நான் விட்ட பிழை" என்றுதான் சொன்னாள். நீங்கள் சிரித்தீர்கள். நானும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன்.

நோய் முற்றி அவள் படுக்கையில் இருந்தபோது ஒரு நாள் போனேன். அந்தப் பிழை நடந்து அப்போது பத்து வருடத்துக்கு மேலாகியிருந்தது. மன்னிப்புக் கேட்டுவிடுவோம் என்று நினைத்து, "பரீதா, அந்தப் பட்டியல்..." என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிற்பாட்டினாள். குரல் தேய்ந்துபோயிருந்தது.

"அது நீ எனக்குச் சொல்ற கதையில்ல புள்ள" என்றாள். பிறகு தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வசந்தி என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். இப்போது நிரந்தர நியமனம், தலையில் நரை. மூத்த மகன் வேலைக்குப் போகிறான். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "அக்கா, நீங்க கூட வேலை செஞ்சனீங்க. அவவப் பத்தி எழுதுங்க. பிழை விட்டவங்க ஒரு நாளும் எங்களப் போல ஆக்களிட்ட வந்து சொல்லமாட்டாங்க. அவ சொன்னா. அத எழுதுங்க அக்கா" என்றாள்.

அப்போதும் "ஓம், எழுதுறன்" என்று மட்டும் சொல்லி, வாசல்வரைக்கும் வந்து வழியனுப்பினேன். அவள் போன பிறகு உள்ளே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி இருந்து இருந்தே களைத்துப்போனேன். வேலையால் வந்த களைப்பு என்று இவ்வளவு காலமும் எல்லாருக்கும் சொல்லிவந்தேன்.

ஆகவே எழுதிவிட்டேன், வசந்தி. நீ கேட்டபடி இல்லை. பரீதா உன்னிடம் வந்து சொன்னது அவளுடைய பிழையை அல்ல. அந்தப் படிவத்தைச் செய்தவளும், குறை இல்லை என்று உன்னைக் குழிக்குள் தள்ளக் கடிதம் எழுதியவளும் நான். அவளிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொள்வது இந்தப் பிழை ஒன்றைத்தான். இவ்வளவு வருடமும் அது அவள் பெயரில் இருந்தது. இதை அச்சுக்குக் கொடுக்குமுன் நீ வாசிக்க வேண்டும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் உன் பதிவு மேசைக்கு வருகிறேன்.