கிணற்றுக்குள் இறக்கிய விளக்கு

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் வந்து உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறந்து பேசிய பழக்கமும் கிடையாது. கல்யாண வீட்டுப் பந்தியில் இலையில் சாம்பார் வரவில்லை என்றால்கூட கேட்காமல் வெறும் சோற்றைப் பிசைந்து தின்றுவிட்டு எழுந்து வருகிற ஆள். ஆனால் இதை யாராவது ஒருவர் எழுதி வைக்க வேண்டும். நடந்தது முழுவதும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

மதுரை கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியில் பதினோரு வருடமாக வாட்ச்மேனாக இருக்கிறேன். வீடு விளாங்குடியில். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, ஆபத்து நேரத்தில் எப்படித் தப்பிப்பது என்று பள்ளியில் ஒரு வகுப்பு நடத்தினார்கள். தீயணைப்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்து பேசினார். ஆசிரியர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆயாக்களும் டிரைவர்களும் நானும் வேப்பமரத்தடியில் நின்று கேட்டோம்.

அந்த மனிதர் பேசியது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கேஸ் கசிந்தால் சுவிட்சைத் தொடாதே. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதே, ஓடாதே, கடிபட்ட காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. தண்ணீரில் விழுந்தவனைக் காப்பாற்ற நீயும் குதிக்காதே, கயிறோ சேலையோ வீசு. எல்லாவற்றையும் விசிட்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன். என்னைப் போல ஆளும் அம்பும் இல்லாதவனுக்கும் கையில் ஏதோ ஒரு பலம் வந்த மாதிரி இருந்தது.

பிறகு அவர் கிணறு, கழிவுநீர்த் தொட்டி பற்றி ஆரம்பித்தார். பாழடைந்த கிணற்றில் இறங்கும் முன் ஒரு விளக்கைக் கட்டி உள்ளே இறக்க வேண்டும், அது அணைந்தால் உள்ளே மூச்சுவிடக் காற்று இல்லை என்று அர்த்தம், இறங்கக் கூடாது என்றார். ஒருவன் உள்ளே மயங்கி விழுந்தால் அவனைத் தூக்க அடுத்தவன் இறங்கக் கூடாது, இறங்கினால் இரண்டு பிணம் என்றார். அந்த நேரம் பார்த்து வாசலில் புத்தக வேன் வந்து ஹாரன் அடித்தது. நான் ஓடிப்போய் கேட்டைத் திறந்து, பண்டல்களை இறக்கவைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பி வர பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வந்தபோது அவர் மின்சாரம் தாக்குவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் என்ன சொன்னார் என்று பக்கத்தில் நின்ற டிரைவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு அது ஒரு கிறுக்காகவே ஆகிவிட்டது. ஒரு பழைய பையில் நாற்பதடி நைலான் கயிறு, டார்ச், தீப்பெட்டி, விசில், கட்டுத்துணி எல்லாம் போட்டு வண்டியில் எப்போதும் மாட்டியிருப்பேன். "எந்த நாட்டு மேல படையெடுத்துப் போறீக?" என்று என் மனைவி கேலி செய்வாள். மழை பெய்து வைகையில் தண்ணீர் வந்த வருடத்தில் அந்தப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. மனசுக்குள் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

என் தங்கையை மதுரைக்கு மேற்கே, பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஊரில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்கு ஒன்றரை ஏக்கரும் ஒரு கிணறும் உண்டு. அந்த நிலம் அவருடைய அப்பா கூலி வேலை செய்து, கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியது. மாப்பிள்ளை என்னைவிட இரண்டு வயது சின்னவர். வாய் ஓயாமல் பேசுவார். நான் பேசாததற்கும் சேர்த்து அவரே பேசுவார். என்னை மனுஷனாக மதித்து, பதில் வருகிறதோ இல்லையோ, கேள்வி கேட்டுக்கொண்டே இருந்த ஒரே ஆள்.

போன கோடையில் கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. மோட்டார் சேற்றில் புதைந்து, உள்ளே காயில் கம்பி எரிந்துவிட்டது. தூர் வாரினால்தான் இனித் தண்ணீர் என்று முடிவு செய்து, மிச்சமிருந்த தண்ணீரை இறைக்க வாடகைக்கு ஒரு ஆயில் இன்ஜின் எடுத்திருந்தார்கள். மேலே வைத்தால் அவ்வளவு ஆழத்திலிருந்து இழுக்காது. அதனால் இருபதடி கீழே இருக்கிற பாறைத் திட்டில் கயிறு கட்டி இன்ஜினை இறக்கி வைத்து ஓட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உதவிக்கு ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்.

நான் போனபோது காலை பத்து மணி இருக்கும். இன்ஜின் இரண்டு மணி நேரம் ஓடி, நின்றுபோயிருந்தது. தண்ணீரை உறிஞ்சுகிற குழாயின் அடிமுனை வால்வு சேற்றில் சிக்கிவிட்டது. யாராவது இறங்கி அதை இழுத்துவிட வேண்டும். கிணற்று மேட்டில் மாப்பிள்ளை, அவருடைய தம்பி, தூர் அள்ள வந்த இரண்டு கூலியாட்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர், நான். தங்கையும் அவள் மாமியாரும் வீட்டில் சமையல். மாப்பிள்ளை சூடத்தைக் கொளுத்திக் கிணற்று விளிம்பில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டினார்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். லேசான நீலப் புகை. ஐந்து ஆண்களுக்கு நடுவில் நான் வாய் திறந்தேன்.

"மாப்ள, ஒரு நிமிசம். ஒரு விளக்கக் கட்டி உள்ள இறக்கிப் பாத்துட்டு எறங்குங்க."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் மச்சான், கெணத்துக்குள்ள கார்த்திகை கொண்டாடப் போறமா?" என்றார் மாப்பிள்ளை. கூலியாட்கள் சிரித்தார்கள்.

"இல்ல, காத்து இருக்கான்னு பாக்கத்தான். எங்க பள்ளிக்கூடத்துல தீயணைப்பு சார் சொன்னாரு. வெளக்கு அணைஞ்சா எறங்கக் கூடாது."

"அடேயப்பா. மச்சான் பேசிட்டாருடா. இதுக்காகவே இறக்கணும்டா" என்று தம்பியை ஏவினார். மோட்டார் ரூமில் கிடந்த அரிக்கேன் விளக்கைத் துடைத்து, இன்ஜினுக்கு வாங்கிய டீசலையே ஊற்றி, பற்றவைத்து, கயிற்றில் கட்டி இறக்கினோம். கயிற்றை நான்தான் பிடித்திருந்தேன். விளக்கு திட்டைத் தாண்டியது. தண்ணீர் மட்டம் வரைக்கும் போனது. கொஞ்சமும் மங்காமல் எரிந்தது. ஐந்து நிமிடம் வைத்திருந்தேன். அது நன்றாக எரிந்தது.

"போதுமா மச்சான்? சர்டிபிகேட் குடுத்துட்டீகளா?"

"போதும் மாப்ள."

இந்த 'போதும் மாப்ள' என்ற வார்த்தையை நான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொண்டு இறங்கச் சொல்ல வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றியது. கயிறு பக்கத்திலேயே புங்க மரத்தடியில் என் வண்டிப் பையில் இருந்தது. ஆனால் விளக்குக்கே அவ்வளவு சிரித்தவர்கள் கயிற்றுக்கு என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். ஒரு நாளைக்கு ஒரு பேச்சு போதும் என்று இருந்துவிட்டேன்.

படிக்கல்லில் கால் வைத்து இறங்கிய மாப்பிள்ளை திட்டுக்குப் போகிற வரைக்கும் பேசிக்கொண்டேதான் போனார். குழாயைப் பிடித்து இரண்டு மூன்று தடவை இழுத்தார். வரவில்லை. குனிந்து மூச்சு வாங்கினார். மறுபடி இழுத்தார். பிறகு அண்ணாந்து பார்த்து, "மச்சான், தலை கிறுகிறுன்னு வருது" என்றார்.

"ஏறுங்க மாப்ள, மேல ஏறுங்க!" என்று கத்தினேன்.

"செத்த உக்காந்துட்டு வாரேன்" என்றார். அதுதான் அவர் பேசிய கடைசிப் பேச்சு. இன்ஜினில் சாய்ந்து உட்கார்ந்தார். தலை நெஞ்சில் தொங்கியது. அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். தண்ணீரில் விழவில்லை. திட்டிலேயே கிடந்தார். எங்கள் கண்ணுக்கு முன்னால், இருபதடியில்.

அவருடைய தம்பி "அண்ணே" என்று அலறிக்கொண்டு படிக்கல்லில் காலை வைத்துவிட்டார். நான் பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். இருவரும் மேட்டில் உருண்டோம்.

"விடுங்க மச்சான்! அந்தா கெடக்காருய்யா! விடுய்யா!"

"எறங்காதீக, நீங்களும் போயிருவீக" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் என் கையைக் கடித்தார். கூலியாட்களும் சேர்ந்து பிடித்த பிறகுதான் அடங்கினார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் தீயணைப்புக்குப் போன் செய்தார். என் பையிலிருந்த கயிற்றில் சுருக்குப் போட்டு இறக்கினேன். மயங்கிக் கிடக்கிற ஆளின் உடம்பில் அது எப்படி மாட்டும்? அவர் கையைத் தொட்டுத் தொட்டு வழுக்கியது. வேப்பங்குழையைக் கத்தையாகக் கட்டி, உள்ளே காற்றுப் போகட்டும் என்று மேலும் கீழுமாக வீசினோம். விளக்கு இன்னும் கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டு எரிந்தது.

தீயணைப்பு வண்டி வர முக்கால் மணி நேரம் ஆனது. அவர்கள்மேல் குறை இல்லை, தூரம் அப்படி. முகமூடியும் முதுகில் சிலிண்டருமாக ஒருவர் இறங்கி, மாப்பிள்ளையைக் கட்டி மேலே அனுப்பினார். உடம்பில் சூடு இருந்தது. உயிர் இல்லை.

முகமூடியைக் கழற்றியவர் விளக்கைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்டார். "இத எதுக்குய்யா இறக்குனீக?"

"காத்து இருக்கான்னு பாக்க, சார்."

"உள்ள இன்ஜின் ஓட்டுன கெணத்துக்கு இது செல்லாதுய்யா. இன்ஜின் புகையில வெளக்கு அணையாது, எரியும். மனுசந்தான் அணைவான். பாழுங்கெணத்துக்குத்தான் வெளக்கு. இன்ஜின் ஓடுனா நாள் பூரா விட்டாலும் எறங்கக் கூடாது, மொதல்ல இன்ஜின உள்ளயே வைக்கக் கூடாது. யாரு சொன்னது ஒங்களுக்கு?"

நான் விளக்கை மேலே இழுக்க ஆரம்பித்தேன். அவர் கயிற்றைச் சுருட்டப் போய்விட்டார். மற்றவர்கள் எல்லாரும் உடலைச் சுற்றி நின்றார்கள். அவர் சொன்னதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். அந்தச் சனிக்கிழமை நான் கேட்டைத் திறக்கப் போயிருந்தபோது வகுப்பெடுத்தவர் இதைத்தான் சொன்னாரோ, இல்லை சொல்லவே இல்லையோ, எனக்குத் தெரியாது. இனித் தெரிந்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடல் வீட்டுக்கு வர அடுத்த நாள் மத்தியானம் ஆகிவிட்டது. தாலி இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டியது அண்ணன்காரன். மதுரையில் சேலை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் வைத்தே மாமியார் என்னைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டார்.

"சின்னவனப் பிடிச்ச கையி, பெரியவன ஏய்யா பிடிக்கல? எம்புட்டு நேரம் பாத்துக்கிட்டு நின்னே?"

"அத்தை" என்று மட்டும் சொன்னேன்.

தங்கைதான் எனக்காகப் பேசினாள். சேலையை அவள் தலையில் போர்த்தும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி அழுதாள். "எங்கண்ணன ஒண்ணும் சொல்லாதீக. வெளக்கு இறக்கச் சொன்னதே அதுதான. அம்புட்டுக் கவனமா இருந்துச்சே. எந்தலையெழுத்துக்கு அது என்ன செய்யும்?"

அந்தக் கையை உருவிக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது. உருவவில்லை. அப்படியே நின்றேன். உள்ளதைச் சொன்னால் அவளுக்கு மிஞ்சியிருக்கிற பிறந்த வீடும் போய்விடும். எங்கள் அப்பா அம்மா இல்லை, என்னை விட்டால் அவளுக்கு ஆள் இல்லை. சொல்லாமல் செத்துப்போவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

எரித்துவிட்டு வந்து பந்தல் நிழலில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அவன் விதி, அது வேற. ஆனா வெளக்கு இறக்கிப் பாத்தது நல்ல ரோசனைப்பா. நம்ம கெணத்துலயும் இந்த வாரம் இன்ஜின் இறக்குறோம். மொதல்ல வெளக்குத்தான், அப்பறந்தான் ஆள்." மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் என்னைப் பார்த்துக் கையால் கும்பிட்டார்.

எழுந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கிணற்று மேட்டில் ஒரு தடவை பேசியதற்கு ஒரு உயிர் போயிருக்கிறது. பேசாமல் இருந்தால் இன்னும் எத்தனை போகுமோ என்று கணக்குப் போட்டுக்கொண்டே, பேசாமல்தான் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் தோட்டத்துக்காரர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த இன்ஜின் கிணற்றில் இறங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, மறுநாள் காலையில் பால் தெளித்துவிட்டு வந்ததும், தங்கை, அவள் கொழுந்தன், பக்கத்துத் தோட்டத்துக்காரர் மூவரையும் வைத்துக்கொண்டு தீயணைப்புக்காரர் சொன்னதைச் சொன்னேன். தோட்டத்துக்காரர், "சரி, இன்ஜின உள்ள இறக்கல" என்றார். கொழுந்தன் வெளியே போய்விட்டார். தங்கை எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பன்னிரண்டு மணி வரை கதவு திறக்குமா என்று வாசலில் இருந்து பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.