ஒரே நாடா, இரண்டு வாய்

அம்மனை நம்பும் அக்கா தங்கைகளே, ஆரணியில் பட்டு நெய்கிறவள் நான். பெயர் வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

போன வருஷம் சித்திரையில் எனக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. உடம்பு பாதியாக இளைத்தது. வாயெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புண். தறிக்குழி ஈரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று கஷாயம் குடித்தே காலம் தள்ளினேன். ஆடி பிறந்தபோது தறியில் உட்காரவே முடியவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து எச்.ஐ.வி. என்றார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு வருஷத்துக்கு முன் இளைத்து இளைத்தே போய்ச் சேர்ந்தது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அவர் மேல் வந்த ஆத்திரம் இன்னும் முழுசாகத் தீரவில்லை.

ஆனால் சாவை விடப் பெரிய பயம் வேறொன்று. என் நாத்தனார் செல்வியும் நானும் ஒரே தறியில் மாற்றி மாற்றி நெய்கிறோம். ஊடை நூல் சுற்றிய தாரை மாற்றும்போதெல்லாம், தறியில் குறுக்கே ஓடும் நாடாவின் கண்ணில், அந்தச் சின்ன ஓட்டையில், வாய் வைத்து இழையை உறிஞ்சி இழுப்பது எங்கள் பழக்கம். புண் வாயோடு நான் உறிஞ்சிய அதே நாடாவைத்தான் அவளும் உறிஞ்சினாள். அவளுக்கு ஐப்பசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவளைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

நாடாவை ஒளித்தேன். தட்டு, டம்ளரைப் பிரித்தேன். தன் மேல் ஏதோ கோபம் என்று செல்வி முகம் வாடினாள். ஆடி வெள்ளியில் படவேடு ரேணுகாம்பாள் முன்னால் போய் நின்றேன். கும்பிடவில்லை, சண்டைதான் போட்டேன்.

"என்னை இட்டுகினு போ தாயே. அந்தப் பொண்ணு இன்னா பாவம் பண்ணிச்சி? அவள வுட்டுடு."

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் மாத்திரை தொடங்க வரச் சொல்லியிருந்தார்கள். அங்கே ஆலோசனை சொல்லும் அம்மாவிடம் நாடா விஷயத்தை அழுதுகொண்டே கொட்டினேன்.

"எச்சில்ல பரவாதும்மா. நாடா, டம்ளர், தட்டு எதுலயும் வராது," என்றார்.

புண் இருந்ததே என்று விடாமல் கேட்டேன். வெளியே வந்த கிருமி தாங்காது, நாடா வழியாக வர வாய்ப்பில்லை என்றார். பாதுகாப்பில்லாத உறவு, ரத்தம், ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது, தாயிடமிருந்து பிள்ளைக்கு, இப்படித்தான் வரும் என்று பொறுமையாக விளக்கினார். செல்விக்குச் சோதனை தேவையே இல்லை, மனசு ஆறவில்லை என்றால் அவள் சம்மதத்தோடு பார்க்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் எல்லாம் சொன்னேன். அவளே கிளம்பி வந்து சோதனை செய்துகொண்டாள். கிருமி இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அம்மன் எனக்குப் பதில் சொல்ல அந்த ஆலோசனை அம்மாவின் வாயை எடுத்துக்கொண்டாள் என்றே நம்புகிறேன்.

தினமும் நெற்றியில் அம்மன் திருநீறு பூசிய கையோடு மாத்திரை போடுகிறேன். ஒரு நாளும் தவறியதில்லை. மாத்திரை இலவசம்தான். புண் ஆறி, உடம்பு தேறிவிட்டது. இப்போது என் ரத்தத்தில் கிருமி சோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கிவிட்டது.

வேண்டிக்கொள்ளுங்கள். ஆனால் என்னைப் போலக் கஷாயத்தோடு மாதக்கணக்கில் கிடக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சோதித்துப் பாருங்கள். அங்கேயும் அம்மன்தான் இருக்கிறாள்.

அன்றைக்குச் சோதனை முடிந்து வீடு திரும்பியதும், நான் ஒளித்த நாடாவைச் செல்வி தேடி எடுத்தாள். புதுத் தார் போட்டு என் கையில் கொடுத்தாள்.

"நீ இழு அண்ணி. அப்புறம் நான் நெய்யறேன்."

உறிஞ்சிக் கொடுத்தேன். அந்த நாடாவில்தான் அவள் முகூர்த்தப் புடவையை நெய்து முடித்தோம்.